கொட்டிலில் மரம் விழுந்துவிட்டது, ஆடுகளை எங்கே வைப்பது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் ஆடு வளர்க்கிறவள் நான். 2024 நவம்பர் கடைசியில் பெய்த மழையில் எங்கள் வளவு மாமரம் வேரோடு சாய்ந்து ஆட்டுக்கொட்டிலின் பாதியை அமுக்கிவிட்டது. மரம் விழுந்ததில் ஒரு ஆடும் சாகவில்லை. அதற்கு அடுத்த இரண்டு இரவுகளில் பால்குடிக் குட்டி ஒன்று செத்தது. அது என் பிழை. தறப்பாள் ஒன்றை இழுத்துக் கட்டி, மேலே நனையாது என்று நம்பி, ஆடுகளைச் சேற்றுத் தரையில் படுக்கவிட்டேன். கூரையைப் பார்த்த நான் தரையைப் பார்க்கவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு மாரிக்கும் வவுணதீவு, கிரான், வெல்லாவெளி, திருக்கோவில், அக்கரைப்பற்று என்று பல ஊர்களில் இருந்தும் இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மரம் இப்போதுதான் விழுந்தது. முதலில் என்ன செய்வது?

ஆட்டிடம் ஓடாதீர்கள். மேலே பாருங்கள். மின்கம்பி அறுந்து மரத்திலோ தகரத்திலோ கிடந்தால் கிட்டப் போகக்கூடாது. ஈரத் தரையில் கம்பி கிடந்தால் சில அடி தள்ளி நின்றாலும் மின்சாரம் பிடிக்கும். மின்சார சபைக்கு 1987 என்ற இலக்கத்தில் சொல்லுங்கள். ஆடு கத்துவதைக் கேட்டுக்கொண்டு நிற்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நில்லுங்கள்.

காற்று திடீரென்று ஓய்ந்தாலும் உடனே வெளியே இறங்க வேண்டாம். சூறாவளியின் கண் தலைக்கு மேலால் போகும்போது கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். பிறகு எதிர்ப்பக்கத்தில் இருந்து அதே வேகத்தில் அடிக்கும். முதல் காற்றில் பாதி சாய்ந்து நின்ற மரம் அப்போதுதான் விழும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட பெரியவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

காற்று முழுதாகத் தணிந்த பிறகு ஆடுகளை வெளியே எடுங்கள். மரத்தை வெட்டி எடுத்துவிட்டுத்தான் ஆடுகளை மீட்பது என்று நினைக்கத் தேவையில்லை. விழாத பக்கத்து வேலியையோ தட்டியையோ அறுத்து வழி எடுப்பது சுகம். வளைந்து அழுந்திக் கிடக்கும் கொம்பை வெட்டினால் அது வில்லுப்போலத் துள்ளி ஆளை அடிக்கும். மரம் அரியும் மெஷின் வேலை தெரிந்தவரிடம் அதை விடுங்கள்.

ஆடுகளை உடனே எங்கே கொண்டுபோவது?

அன்றைய இரவுக்கு விறாந்தை, குசினிப் பத்தி, நெல் வைக்கும் அறை, உழவு மெஷின் நிற்கும் கொட்டில், பக்கத்து வீட்டுக்காரரின் காலியான அறை எதுவானாலும் சரி. கேட்க வெட்கப்பட வேண்டாம். என் ஆடுகள் முதல் இரவு எதிர்வீட்டு அக்காவின் விறாந்தையில்தான் நின்றன. "அதுவும் உயிர்தானே புள்ள, கொண்டா" என்றார். மூன்றாம் நாள் நான் போய்க் கழுவிக் கொடுத்தேன். நான் அவசரப்பட்டு அடுத்த நாளே ஆடுகளைத் தறப்பாளுக்குக் கீழே மாற்றியதுதான் பிழை. தரை தயாராகும்வரை விறாந்தையில் நின்றிருக்கலாம்.

சனங்கள் தங்கும் பாடசாலைக்கோ மண்டபத்துக்கோ ஆட்டைக் கொண்டுபோக முடியாது. அங்கே குழந்தைகள் படுக்கிறார்கள், சமைக்கிறார்கள். வெள்ளம் ஏறும் இடத்தில் இருப்பவர்கள் ஆடுகளை வைக்க ஒரு புட்டி (மேட்டு) நிலத்தை மழைக்கு முன்பே பேசி வையுங்கள். வீட்டை விட்டுப் போகவேண்டி வந்து ஆடுகளைக் கூட்டிப்போக வழியே இல்லை என்றால் கயிற்றை அவிழ்த்து விட்டுப் போங்கள். கட்டிய ஆடு நின்ற இடத்தில் மூழ்கும். அவிழ்த்த ஆடு மேட்டைத் தேடிப் போகும்.

தற்காலிக வாடி போட எந்த இடம் நல்லது?

மழை பெய்யும்போதே வளவைச் சுற்றி நடந்து பாருங்கள். தண்ணீர் தேங்காத இடம் எது, எந்தப் பக்கத்தால் ஓடிவருகிறது என்பதை வெயிலில் கண்டுபிடிக்க முடியாது. உயர்ந்த இடத்தைத் தெரிந்து, அதைச் சுற்றி மண்வெட்டியால் ஒரு முழ அகலத்தில் கான் வெட்டி, தண்ணீர் இறங்கும் பக்கத்துக்குத் திறந்து விடுங்கள்.

தப்பி நிற்கும் மரத்தின் கீழே போடாதீர்கள். பக்கத்து மரம் விழுந்தபோது அதன் வேரும் அசைந்திருக்கும். அடிமண் வெடித்திருக்கிறதா, மரம் முன்பைவிடச் சாய்ந்து தெரிகிறதா என்று பாருங்கள். தென்னைக்குக் கீழேயும் வேண்டாம். காற்றில் நெரிந்த மட்டையும் குலையும் இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகும் விழும். எவ்வளவு உயரமான மரமோ அவ்வளவு தூரம் தள்ளிப் போடுவதுதான் முழுப் பாதுகாப்பு. சிறிய வளவில் அது முடியாது. அப்படியானால் மரம் சாய்ந்திருக்கும் திசைக்கு எதிர்ப்பக்கத்தில் போடுங்கள்.

கிணற்றுக்குக் கிட்டவும் வேண்டாம். பிழுக்கையும் மூத்திரமும் மழையோடு கிணற்றுக்குள் இறங்கும்.

தறப்பாள் ஒன்றுதான் இருக்கிறது. அது போதாதா?

மேலுக்குப் போதும். கீழுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

ஆடு நின்றுகொண்டு நனைந்தால் உதறும், கத்தும், பிறகு காய்ந்துவிடும். ஈரத் தரையில் இரவு முழுதும் படுத்தால் வயிற்றுப் பக்கத்துச் சூட்டை நிலம் உறிஞ்சும். வளர்ந்த ஆடு விறைக்காமல் சமாளிக்கும், ஆனால் இரண்டு மூன்று நாளில் சளியும் இருமலும் பிடிக்கும். குட்டி அதைத் தாங்காது. ஈரத்தோடு மூத்திர நெடியும் சேர்ந்தால் நெஞ்சு இன்னும் கெடும். சேற்றில் நின்றால் குளம்பு ஊறிப் புண்ணாகும். அதனால் ஒரு நாள் வேலைக்குத்தான் ஆளும் சாமானும் உண்டென்றால் அந்த நாளைத் தரைக்குச் செலவழியுங்கள்.

சரி, தரையை எப்படி உயர்த்துவது?

நிரந்தரக் கொட்டிலுக்கு நிலத்தில் இருந்து மூன்று அடிக்கு மேல் பரண் வேண்டும். கீழே குனிந்து பிழுக்கை கூட்ட அந்த உயரம் தேவை. தற்காலிகத்துக்கு ஒன்று, ஒன்றரை அடி போதும்.

சீமெந்துப் புளொக் கல்லை இரண்டிரண்டாக அடுக்கி, அதன்மேல் விழுந்த மரத்தின் நேரான கொம்புகளை வளையாக (தாங்கும் குறுக்கு மரமாக) போடுங்கள். அதன்மேல் கமுகஞ்சலாகை, பனஞ்சலாகை, பழைய பலகை எது கிடைக்கிறதோ அதை அடித்துக்கொள்ளுங்கள். சலாகைகளுக்கு இடையில் அரை அங்குலத்தில் இருந்து முக்கால் அங்குலம் இடைவெளி விடுங்கள். அதைவிடக் குறைந்தால் பிழுக்கை விழாது, கூடினால் கால் மாட்டும். குட்டி நிற்கும் மூலைக்கு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், அல்லது அதில் சாக்கு விரித்து நாளுக்கு இரண்டு தரம் மாற்றுங்கள். கடைகளுக்குச் சாமான் வரும் மரத் தட்டுகள் கிடைத்தால் வேலை அரை நாளில் முடியும். அதன் இடைவெளி அகலமாக இருக்கும், நடுவில் ஒரு சலாகை அடித்து அடையுங்கள்.

ஆடுகள் பரவலாக நிற்கும் என்று நம்பிக் கட்டாதீர்கள். இடி இடித்தால் எல்லாம் ஒரே மூலைக்கு ஓடும். நம் ஊர் மறி (பெட்டை ஆடு) ஒன்று 20, 25 கிலோ என்றாலும் பத்து ஆடு ஒரு மூலையில் சேர்ந்தால் 250 கிலோ. ஜமுனாபாரி என்ற பெரிய இனத்தின் கலப்பென்றால் இன்னும் கூட. வளைக்குக் கீழே நான்கு அடிக்கு ஒரு முண்டு (தாங்குகட்டை) கட்டாயம். ஆடுகளை ஏற்றுமுன் நீங்களும் இன்னொருவரும் ஒரே மூலையில் ஏறிக் குதித்துப் பாருங்கள்.

சலாகை ஒன்றுமே கிடைக்காதவர்களுக்கு உமி இருக்கிறது. அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் நெல் ஆலை இல்லாத பக்கம் குறைவு. நிலத்தை ஆறு அங்குலம் மண்ணோ மணலோ போட்டு உயர்த்தி, நன்றாக மிதித்து, அதன்மேல் நான்கு அங்குலக் கனத்துக்குக் காய்ந்த உமி பரப்புங்கள். ஈரமான இடத்தைத் தினமும் அள்ளி எறிந்து புது உமி போடுங்கள். வைக்கோலும் போடலாம். ஆனால் நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோல் வேண்டாம். ஆடு அதில் படுக்கும், அதையே தின்னவும் செய்யும்.

தறப்பாளை எப்படிக் கட்டினால் நிற்கும்?

ஒரு பக்கம் ஏழு அடி, மறு பக்கம் ஐந்து அடி என்று சாய்வாகக் கட்டுங்கள். மட்டமாகக் கட்டினால் நடுவில் தண்ணீர் குளமாகி, பாரம் தாங்காமல் கப்போடு (தூணோடு) விழும். தறப்பாளுக்குக் கீழே ஓர் அடிக்கு ஒரு கயிறு குறுக்கே இழுத்துக் கட்டினால் தொய்யாது. கப்பு இரண்டு அடி ஆழத்துக்கு இறங்க வேண்டும். வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரை மணலில் இரண்டரை அடி. ஊறிய மண்ணில் அலவாங்கு சுகமாக இறங்குவதுபோலவே கப்பும் சுகமாக ஆடும். ஆகவே ஒவ்வொரு மூலையில் இருந்தும் வெளியே முளை அடித்து இழுகயிறு கட்டுங்கள்.

மாரியில் வாடைக்காற்று வடகிழக்கில் இருந்து வரும். தாழ்ந்த பக்கத்தை அந்தத் திசைக்குக் கொடுங்கள், உயர்ந்த வாய் தென்மேற்கைப் பார்க்கட்டும்.

ஆடு பின்னங்காலில் எழுந்து நின்றால் ஐந்து அடிக்கு மேல் எட்டும். தறப்பாள் ஓரத்தைக் கடித்துத் தின்னும். வயிற்றுக்குள் போன பிளாஸ்ரிக் வெளியே வராது, அங்கேயே கட்டியாகக் கிடக்கும். தாழ்ந்த பக்கத்தை வேலிக்கு வெளியே இரண்டு அடி நீட்டிக் கட்டினால் வாய் எட்டாது, சாரலும் அடிக்காது.

பழைய தகரம், அஸ்பெஸ்டஸ் சீட் இருக்கிறது. போடலாமா?

தகரம் போடலாம், பாரத்தை மட்டும் நம்பாமல் கம்பியால் கட்டினால். பறக்கும் தகரம் ஆட்டையும் வெட்டும், அடுத்த வளவு ஆளையும் வெட்டும். விழுந்த கொட்டிலில் இருந்து கழன்ற ஆணிகளைக் காந்தம் இருந்தால் காந்தத்தால், இல்லாவிட்டால் கையால் பொறுக்குங்கள். குளம்பில் ஏறிய ஆணி ஏற்பு நோய் (டெட்டனஸ்) வரைக்கும் கொண்டுபோகும்.

உடைந்த அஸ்பெஸ்டஸை அரியவோ நொறுக்கவோ வேண்டாம். அதன் தூசு நெஞ்சுக்குக் கேடு. நனைத்து, முழுத் துண்டாக எடுத்து ஓரமாக வையுங்கள்.

கிடுகு கிடைத்தால் எனக்கு அதுதான் முதல் விருப்பம். விழுந்த தென்னைகளின் ஓலை வீணாகப் போகாமல் இரண்டு பேர் இருந்து பின்னினால் நாலு நாளில் ஒரு கூரை வரும். கிடுகின்கீழ் புழுக்கம் இல்லை, மழைச் சத்தமும் ஆட்டை வெருட்டாது.

நாலு பக்கமும் மூடிவிட்டால் சூடாக இருக்காதா?

இருக்காது, நாறும். காலையில் உள்ளே தலையை விட்டுப் பாருங்கள். கண் எரிந்தால் ஆட்டின் நெஞ்சும் எரிகிறது. படுத்திருக்கும் ஆட்டின்மேல் நேராகக் காற்று அடிக்காமல் கீழ் மூன்று அடியை உரப்பையாலோ கிடுகாலோ மறையுங்கள். அதற்குமேல் திறந்து விடுங்கள்.

எத்தனை ஆட்டுக்கு எவ்வளவு இடம்?

வளர்ந்த மறிக்கு 10 முதல் 12 சதுர அடி, கிடாய்க்கு 20, குட்டிக்கு 4 அல்லது 5. பத்து மறிக்கு 10 அடிக்கு 12 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிழமைக்கு என்றால் கொஞ்சம் நெருக்கலாம், 8 சதுர அடிக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். கிடாயைத் தனியாகக் கட்டுங்கள். நெருக்கத்தில் அது சினையாட்டை இடித்தால் குட்டி போய்விடும்.

இரண்டு மூன்று வீட்டு ஆடுகளை ஒரே வாடியில் சேர்ப்பது நல்ல உதவி. ஆனால் இருமல், கழிச்சல், வாய்ப்புண் உள்ள ஆட்டைச் சேர்க்கக்கூடாது. ஒரு தட்டியாவது நடுவில் இருக்கட்டும், தண்ணீர்ப் பாத்திரம் வேறுவேறாக இருக்கட்டும்.

குட்டி விறைத்துப்போய்க் கிடக்கிறது. பால் பருக்கலாமா?

இதை ஆறுதலாக வாசியுங்கள். குட்டியின் வாய்க்குள் விரலை விடுங்கள். வாய் குளிர்ந்திருந்து விரலைச் சூப்பாவிட்டால் பால் பருக்காதீர்கள். குளிர்ந்த உடம்பில் பால் செரிக்காது, விழுங்கத் தெரியாமல் நெஞ்சுக்குள்ளும் போகும். என் குட்டிக்கு நான் அதைத்தான் செய்தேன்.

முதலில் சூடாக்குங்கள். காய்ந்த துணியால் நன்றாகத் தேய்த்துத் துடையுங்கள். பெட்டிக்குள் சாக்கு விரித்து, கை பொறுக்கும் சுடுதண்ணீரைப் போத்தலில் நிரப்பித் துணியால் சுற்றி இரண்டு பக்கமும் வையுங்கள். கொதிநீர் தோலைச் சுட்டுவிடும். ஆட்டின் இயல்பான சூடு 38.5 முதல் 39.5 பாகை செல்சியஸ், குட்டிக்கு அதைவிடச் சற்றுக் கூடலாம். வெப்பமானி இருந்தால் 37 ஐத் தாண்டும்வரை பொறுங்கள். இல்லாவிட்டால் வாய் சூடாகி, தலையைத் தூக்கி, விரலைச் சூப்பும்வரை பொறுங்கள். பிறகு தாயிடம் விடுங்கள்.

அன்று பிறந்த குட்டியென்றால் கடும்புப்பால் (ஈன்றதும் சுரக்கும் முதல் பால்) முதல் சில மணித்தியாலத்துக்குள் போகவேண்டும். இரண்டு கிலோக் குட்டிக்கு முதல் நாளில் மொத்தம் 200 மில்லிலீற்றர், நாலைந்து தரமாகப் பிரித்து.

விழுந்த மரத்தின் குழையை ஆட்டுக்குப் போடலாமா?

பலா, பூவரசு, முருங்கை, வேம்பு, முள்முருக்கு, இப்பிலிப்பில், கிளிசறியா எல்லாம் போடலாம். மாங்குழையும் கொஞ்சம் போடலாம். 25 கிலோ ஆடு ஒரு நாளைக்கு மூன்று, நான்கு கிலோப் பச்சைக்குழை தின்னும். கட்டாகக் கட்டித் தொங்கவிடுங்கள். தரையில் போட்டு மிதிபட்டதை ஆடு முகர்ந்தும் பார்க்காது.

அரளியை ஒரு இலைகூட விடாதீர்கள். கோயில் வளவிலும் வீட்டு வாசலிலும் முறிந்த அரளிக் கொம்பு குப்பையோடு குப்பையாகக் கிடக்கும், பசித்த ஆடு தின்றால் இதயம் நின்று சாகும். மரவள்ளி இலையும் அப்படித்தான். காற்றில் முறிந்து வாடிய மரவள்ளித் தோட்டத்துக்குள் ஆடு இறங்கினால் அரை மணித்தியாலத்தில் மூச்சுத் திணறி விழும். நாயுண்ணிச் செடியையும் விலக்குங்கள்.

நெல் நனைந்துவிட்டது. வீணாகாமல் ஆட்டுக்குப் போட்டால் என்ன?

வயிறு நிறைய நெல்லோ அரிசியோ தின்ற ஆட்டுக்கு வயிறு புளித்து, ஊதி, ஒரே நாளில் விழும். பழக்கம் இல்லாத ஆட்டுக்கு ஒரு பிடி, அதுவும் குழை தின்ற பிறகு. முளைத்ததோ பூஞ்சணம் பிடித்ததோ ஒரு மணியும் வேண்டாம். நெல்லுப்பையை ஆடு எட்டாத இடத்தில் வையுங்கள். நம் பகுதியில் இந்தச் சாவு வெள்ளச் சாவைப்போலவே நடக்கிறது, யாரும் எண்ணுவதில்லை.

வெள்ளம் வடிந்த பிறகு என்ன நோய் வரும்?

புழு. நனைந்த புல்லில் குடற்புழுக் குஞ்சு ஏறி நிற்கும். காலைப் பனி காய்ந்தபின், பத்து மணிபோல மேய விடுங்கள், அதுவரைக்கும் குழை. கீழ் இமையைத் தாழ்த்திப் பாருங்கள், சிவப்பாக இருக்கவேண்டும். வெளுத்திருந்தாலோ தாடைக்குக் கீழே நீர்ப்பை தொங்கினாலோ கால்நடை வைத்தியரிடம் காட்டி, ஆட்டின் நிறைக்கு ஏற்ற புழுமருந்து வாங்குங்கள்.

குளம்பு நாறி நொண்டினால் 10 லீற்றர் தண்ணீரில் ஒரு கிலோ சிங்க் சல்பேட் கரைத்துக் காலைச் சில நிமிடம் நனையவிட்டுக் காய்ந்த தரையில் நிறுத்துங்கள். அந்தத் தண்ணீரை ஆடு குடிக்கக்கூடாது. மூச்சு வாங்கி, மூக்கால் கெட்டிச் சளி வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

உங்களையும் பாருங்கள். வெள்ளச் சேற்றில் வெறுங்காலோடு கொட்டில் துப்புரவு செய்தால் எலிக்காய்ச்சல் வரலாம். காலில் வெட்டு, கீறல் இருந்தால் சப்பாத்துப் போடாமல் இறங்கவே வேண்டாம்.

செத்த ஆட்டை என்ன செய்வது?

வாவியிலோ ஆற்றிலோ எறியாதீர்கள். கிணற்றில் இருந்து நன்றாகத் தள்ளி ஆறு அடிக் கிடங்கு வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். காரணம் தெரியாமல் செத்தது என்றால் உரித்துப் பங்குபோட வேண்டாம்.

புதைக்குமுன் படம் எடுங்கள். விழுந்த மரத்தையும் நெரிந்த கொட்டிலையும் துப்புரவு செய்யுமுன் படம் எடுங்கள். கிராம உத்தியோகத்தரிடமும் அரச கால்நடை வைத்திய அலுவலகத்திலும் எத்தனை ஆடு, எந்த வயது என்று எழுதிக் கொடுத்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுக்காத ஆட்டை யாரும் கணக்கில் எடுக்க முடியாது. அவசரம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

விழுந்த மரம் பலா, ஈரப்பலா, பெண்பனை என்றால் அரிந்து ஏற்றுமுன் கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அவற்றுக்கு அனுமதி நடைமுறை உண்டு.

யானை, நாய், பாம்பு?

யானை வரும் பக்கங்களில் வாடிக்குக் கிட்ட நெல்லோ வைக்கோல் குவியலோ வைக்காதீர்கள். நாய்க்கு நான்கு அடி உயரத்துக்கு அலம்பல் வேலி. பாம்பு வெள்ளத்துக்குத் தப்பி மேட்டைத் தேடும், நீங்கள் உயர்த்திய தரையும் அதற்கு மேடுதான். பரணுக்குக் கீழே விறகும் கிடுகும் அடுக்காமல் வெறுமையாக வைத்து, மாலையில் ஒரு தரம் ரோச் அடித்துப் பாருங்கள்.

இந்த வாடியில் எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?

தறப்பாள் வெயிலில் ஐந்தாறு மாதத்தில் நாராகும். பங்குனி பிறந்து நிலம் காய்ந்ததும் புதுக் கொட்டிலுக்குக் கிடங்கு வெட்டத் தொடங்குங்கள். பழைய இடத்தில் மரக்குற்றி உக்கும்போது நிலம் பதியும், அதனால் மரம் வேரோடு சாய்ந்த அந்தப் பள்ளத்தின்மேல் கப்பு நடாதீர்கள். நான் எட்டு அடி தள்ளி நட்டேன். தற்காலிகத்துக்கு அடித்த கமுகஞ்சலாகைத் தரையை அப்படியே தூக்கி மூன்றரை அடிக் கப்புகளின்மேல் வைத்தோம், அதில்தான் இன்றும் பதினேழு ஆடுகள் படுக்கின்றன.